கூரையில்லாப் பஸ்ஸும் மாரிகாலமும்: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலைக் கடற்கரையில் கூரையில்லா இரட்டைத்தட்டு பஸ் ஓட்டினால் இலாபம் வருமா என்று கேட்ட ஒருவருக்குச் சென்ற இதழில், "வரும், ஆனால் ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையில் வண்டியை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே வரும்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த வரியை விரித்து எழுதும்படி பலர் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். டிப்போ வேலைத்தளத்தில் பல ஆண்டுகள் இருந்தவன், பின்னர் இத்தகைய மூன்று வண்டிகளை ஏழு பருவங்கள் பராமரித்தவன் என்ற முறையில், இம்மாதப் பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

க. ம., உவர்மலை: நானும் என் இரு தம்பிமாரும் நான்கு பழைய இரட்டைத்தட்டு பஸ்களை வாங்கி, நகரிலிருந்து உப்புவெளி வழியாக நிலாவெளி வரை ஓட்ட எண்ணியுள்ளோம். கணக்குத் தாளை இணைத்துள்ளேன். நான்கும் ஓடினால் லீசிங் தவணையை இலகுவாகக் கட்டலாம் போலத் தெரிகிறது. இது சரியா?

உங்கள் தாளில் ஒரு வண்டி ஆண்டுக்கு 300 நாள் ஓடும் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்டிக்கோ மட்டக்களப்புக்கோ ஓடும் பயணிகள் பஸ்ஸுக்கு அது பொருந்தலாம். கூரையில்லா வண்டிக்குப் பொருந்தாது. நம் கரையில் கடல் அமைதியாகவும் வானம் வெளிப்பாகவும் இருந்து வெளியூர் மக்கள் வரும் காலம் சித்திரைப் புத்தாண்டில் தொடங்கிப் புரட்டாதி நடுப்பகுதியோடு முடிந்துவிடுகிறது. அது ஏறத்தாழ 150 நாள். வாரத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்கு விட்டால் 20 நாள் போகும். பழுது, மழை, வீதி மூடல் என்று இன்னும் 10 நாளைக் கழியுங்கள். மிஞ்சுவது 120 நாள்.

காலை ஒரு சுற்று, மாலை ஒரு சுற்று, சுற்றுக்குச் சராசரி 30 பேர் என்றால், ஒரு வண்டி ஆண்டு முழுவதற்கும் விற்பது 7,200 சீட்டு. லீசிங், காப்புறுதி, சம்பளம், டீசல், டயர், தரிப்பிட வாடகை எல்லாம் சேர்ந்து வண்டிக்கு ஆண்டுச் செலவு 60 இலட்சம் ரூபாய் என்று உங்கள் தாளே சொல்கிறது. 60 இலட்சத்தை 7,200 ஆல் வகுத்தால் சீட்டு ஒன்றுக்கு 833 ரூபாய் வருகிறது. நீங்கள் 300 நாளை வைத்து 18,000 சீட்டு என்று கணக்கிட்டதால்தான் 333 ரூபாயில் முதல் தேறும் என்று தோன்றியிருக்கிறது. நாள் குறைந்தால் டீசல் செலவும் ஓரளவு குறையும் என்பது உண்மையே. ஆனால் தவணையும் காப்புறுதியும் வாடகையும் வண்டி ஓடினாலும் நின்றாலும் ஒன்றுதான்.

ஆகவே நான்கு வேண்டாம். மூன்று வாங்குங்கள், இரண்டை ஓட்டுங்கள். மூன்றாவது வண்டி நின்றுகொண்டிருப்பது வீண் என்று தம்பிமார் சொல்வார்கள். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் ஒரு வண்டியின் கியர்பெட்டி இறங்கி, உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வர மூன்று நாளாகும்போது அவர்களுக்கே விளங்கும். மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியாக இருக்கட்டும். வெவ்வேறு மாதிரிகளை மலிவாகக் கிடைக்கிறது என்று சேர்த்தால், ஒன்றின் பாகம் மற்றொன்றுக்கு உதவாது. லீசிங் நிறுவனத்தோடு பேசும்போது, பருவ மாதங்களில் கூடுதலாகவும் மாரியில் குறைவாகவும் கட்டும் தவணை முறையை எழுத்தில் கேளுங்கள். நெல் அறுவடைக்கேற்ற தவணை இருக்குமென்றால் கடற்கரைக்கேற்ற தவணை ஏன் இருக்கக் கூடாது?

ச. வி., பாலையூற்று: வாங்கவுள்ள வண்டியின் மேற்கூரையை ஒரு வாரத்தில் வெட்டித் தருவதாக ஒரு கராஜில் சொல்கிறார்கள். விலையும் குறைவு. கொடுக்கலாமா?

வெட்டுவது ஒரு நாள் வேலை. அதன் பிறகு செய்ய வேண்டியதுதான் வேலை. பஸ்ஸின் உடல் ஒரு பெட்டி. கூரை அந்தப் பெட்டியின் மூடி. மூடியோடு இருக்கும் காட்போட் பெட்டியை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், பிறகு மூடியை வெட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள். நிலாவெளி வீதியின் ஒவ்வொரு பள்ளமும் வண்டியை அப்படித்தான் முறுக்குகிறது. கூரையை மட்டும் எடுத்துவிட்டு வலுவூட்டாமல் ஓடிய வண்டிகளில் முதற் பருவம் முடிவதற்குள் யன்னல் தூண்களின் அடியில் மயிரிழை போல வெடிப்பு விழும். பின்னர் கதவு இறுகும். மேல்விளிம்பு முழுவதும் சுற்றி ஓர் இரும்புப் பெட்டிக்குழாய்ச் சட்டம், முன்னாலும் மாடிப்படியருகிலும் குறுக்குத் தடுப்பு, தளத்தின் கீழ் கூடுதல் குறுக்குச் சட்டங்கள் ஆகியவை வேண்டும். பக்கச் சுவரின் உயரம் தளத்திலிருந்து 110 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது என் பிடிவாதம். உடலமைப்பு மாற்றத்துக்கு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியை வெட்டுவதற்கு முன்னரே பெறுங்கள். வெட்டியபின் அனுமதி கிடைக்கவில்லை என்றால் கூரையை ஒட்ட முடியாது.

முழுக்கூரையையும் நீக்காமல் முன்பக்கத்து மூன்றிலொரு பங்கை விட்டுவைப்பதே நம் ஊருக்கு ஏற்றது என்பேன். திடீர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடமிருக்கும். உடலும் அவ்வளவு தளராது. கழற்றி மாட்டும் கூரையும் புதிய எண்ணமன்று. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டெவன் ஜெனரல் நிறுவனம் 1961 ஆம் ஆண்டு வாங்கிய ஒன்பது லேலண்ட் அட்லாண்டியன் வண்டிகளுக்குக் கழற்றக்கூடிய கூரை இருந்தது. கோடையில் கூரையின்றிக் கடற்கரையில் ஓடியவை, குளிர்காலத்தில் கூரையை மாட்டிக்கொண்டு சாதாரண பஸ்ஸாக உழைத்தன. பழைய கடலோடிகளின் பெயரை ஒவ்வொரு வண்டிக்கும் சூட்டியிருந்தார்கள். அந்த நாட்டில் பல கூரையில்லாப் பஸ்கள் பிறந்த கதை இதைவிட வேடிக்கையானது; தாழ்ந்த பாலத்தில் மோதிக் கூரையை இழந்த வண்டியைத் திருத்துவதை விட, அப்படியே கடற்கரைக்கு அனுப்புவது மலிவாக இருந்தது.

கவிழும் அச்சம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரித்தானிய விதிப்படி, மேல்தட்டில் முழுச் சுமையோடு 28 பாகை சரித்தாலும் இரட்டைத்தட்டு பஸ் கவிழக் கூடாது. கூரையை எடுத்தால் பாரம் சற்றுத் தாழும் என்பது உண்மை. ஆனால் இந்த வண்டியில் கீழ்த்தட்டு வெறுமையாக இருக்க, எல்லோரும் மேலேதான் ஏறுகிறார்கள். நிலாவெளிக்குப் போகும்போது கடல் வலப்பக்கம். அத்தனை பேரும் வலப்பக்கம் சாய்கிறார்கள். எழுந்து நிற்க அனுமதிக்காத உதவியாளர் ஒருவர் மேல்தட்டில் எப்போதும் இருக்க வேண்டும்.

ஒரு வாசகி, கிண்ணியா: மரக்கிளைகளும் வயர்களும் தாழ்ந்திருக்கும் வீதிகளில் இந்தப் பஸ் எப்படிப் பாதுகாப்பாகப் போகும்? கோணேசர் கோயில் வரை போகுமா?

சகோதரி, எல்லாருக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. எங்கள் வண்டியில் மேல்தளம் தரையிலிருந்து இரண்டரை மீற்றர் உயரத்தில் இருந்தது. இருக்கையில் அமர்ந்தவரின் உச்சந்தலை அதற்கு மேல் 1.3 மீற்றர், ஆக 3.8. அவரே எழுந்து நின்று கையைத் தூக்கினால் 4.7 மீற்றரைத் தொட்டுவிடும். மூடிய பஸ்ஸில் கிளை கூரையில் உரசும். இங்கே அது முகத்தில் உரசும்.

நாங்கள் செய்தது இதுதான். ஒரு சிறிய லொறியின் பின்தட்டில் மூங்கில் ஒன்றை நட்டு, நுனி தரையிலிருந்து 5 மீற்றரில் நிற்கும்படி கட்டி, நுனியில் ஒரு சிவப்புத் துணியை முடிந்தோம். லொறி நடைவேகத்தில் போக, ஒருவர் பின்னால் மோட்டார் சைக்கிளில் கொப்பியோடு வந்தார். துணி எங்கே தட்டியதோ அங்கே அருகிலிருந்த மின்கம்பத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். முதல் நாள் விடியற்காலையில் போய் இருபதுக்குக் குறையாத இடங்களைக் குறித்து வந்தோம். அனுபவமுள்ள மின்சாரத் தொழிலாளி ஒருவர் கேட்டார், "வெயிலில் பார்த்தீர்களா?" என்று. மதியம் ஒரு மணிக்கு மறுபடி போனோம். காலையில் தட்டாத வயர்கள் சில தட்டின. வெப்பத்தில் கம்பி நீண்டு தொய்யும் என்று பாடசாலையில் படித்ததை வீதியில் கண்டது அன்றுதான். கிளைகளோ இதற்கு எதிர். காற்றில் ஈரமிருக்கும் காலையிலும் மழை விட்ட பின்னரும்தான் தாழும். ஆகவே இருவேளையும் அளக்க வேண்டும்.

மின்வயரை உயர்த்துவது மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் வேலை, கிளையை வெட்டுவது வீதிக்குப் பொறுப்பானவர்களின் வேலை; கத்தியோடு நாமே ஏறக் கூடாது. பருவம் தொடங்கிய பின்னரும் மாதம் ஒரு முறை மூங்கிலை ஓட்டுங்கள், ஏனெனில் வேம்பும் வாகையும் நமக்காக வளராமல் நிற்பதில்லை. வெசாக் நாட்களில் குறுக்கே கட்டும் தோரணங்களையும், கோயில் திருவிழாக்களின் வளைவுகளையும் அந்தந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் வீதிகளில் அந்நாட்களில் நம் வண்டிக்கு வேலையில்லை.

கோயில் வரை போகும் ஆசையை விட்டுவிடுங்கள். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்றிக் கோட்டையின் வளைவு வாசல் இரட்டைத்தட்டு வண்டிக்காகக் கட்டப்பட்டதன்று. உள்ளே இராணுவ முகாமும் இருக்கிறது. வாசலுக்கு வெளியே இறக்கிவிட்டால், பயணிகள் இரட்டைக் கயல் பொறித்த கல்லைப் பார்த்து, புள்ளிமான்களைக் கடந்து, சுவாமிமலை ஏறி, இராவணன் வெட்டையும் கண்டு திரும்புவார்கள். திரும்பி வரும் ஒன்றரை மணி நேரத்தில் வண்டிக்கும் ஓய்வு கிடைக்கும்.

ந. இ., நிலாவெளி: பருவம் முடிந்ததும் வண்டிகளைத் தறப்பாளால் நன்றாக மூடிக் கட்டி, எங்கள் கடற்கரைக் காணியிலேயே நிறுத்தலாம் என்று நினைக்கிறோம். வேறு ஏதேனும் செய்ய வேண்டுமா?

சென்ற இதழில் நான் எழுதிய வரி உங்களுக்காகவே எழுதியது போலிருக்கிறது. உங்கள் திட்டத்தில் இரண்டு தவறுகள் உண்டு. இரண்டாவதை நானும் செய்தவன்.

முதலாவது, காணி. 1964 டிசம்பர்ச் சூறாவளி, 2004 டிசம்பர் 26 கடற்கோள், 2020 டிசம்பர் 2 இரவு நமக்கு வடக்கே கரையேறிய புரேவிப் புயல் ஆகிய மூன்றும், நீங்கள் வண்டியை நிறுத்தி வைக்கப்போகும் அதே மாதத்தில் வந்தவை. பெருங்காற்று வராத ஆண்டிலும் வாடைக்காற்று உப்புத் தூவானத்தை நாள் முழுவதும் அள்ளிக்கொண்டு வரும். கடல் கண்ணுக்குத் தெரியாத, வெள்ளம் நிற்காத மேட்டுக் காணியாகக் கன்னியாப் பக்கமோ கந்தளாய்ப் பக்கமோ வாடகைக்குப் பிடியுங்கள்.

இரண்டாவது, தறப்பாள். முதல் ஆண்டு நானும் மூன்று வண்டிகளையும் கயிறு போட்டு இறுக்கி மூடிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். தைப்பொங்கல் கழிந்து அவிழ்த்தபோது முதலில் வந்தது மணம்; ஊறிய சாக்கும் எலிப்புழுக்கையும் கலந்த மணம். மேல்தட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் கறுத்து நின்றது. வடிகுழாயின் வாயைப் போன பருவத்து ஐஸ்பழத் தாள் ஒன்று அடைத்திருந்தது. இருக்கைப் பஞ்சில் வெள்ளைக் காளான் குடை விரித்திருந்தது. காற்றில் அடித்த தறப்பாள், மூலைகளில் வர்ணத்தைத் தகரம் தெரியும் வரை தேய்த்திருந்தது. ஈரம் உள்ளே போக வழியிருந்தது, வெளியே வர வழியில்லை. அடுத்த ஆண்டு முதல் மூடவில்லை. நான்கு பக்கமும் திறந்த உயரமான தகரக் கொட்டில் ஒன்றின் கீழ் நிறுத்தினேன். அதற்கான செலவு இரண்டு பருவங்களின் வர்ணச் செலவைவிடக் குறைவு.

கொட்டிலுக்குள் விடுமுன் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். நிலாவெளியில் கரையோரக் கிணறுகள் சில உவர். அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். ஒரு வாய் குடித்துப் பார்த்து, நல்ல தண்ணீரை பவுசரிலாவது எடுப்பியுங்கள். சில்லு வளைவுகளின் உட்புறத்தையும், அலுமினியத் தகடு இரும்புச் சட்டத்தைத் தொடும் இடங்களையும் விடாதீர்கள். இரு உலோகங்களுக்கு நடுவே உப்பீரம் புகுந்தால் அங்கேதான் அரிப்பு விரைகிறது. வண்டியைச் சற்றுச் சரிவில், மேல்தட்டின் தண்ணீர் வடிகுழாயை நோக்கி ஓடும்படி நிறுத்துங்கள். குழாய் வாயை ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் விரலால் தொட்டுப் பார்க்கக் காவலாளிக்குச் சொல்லுங்கள்.

டீசல் தாங்கியை நிரப்பி வையுங்கள். பாதித் தாங்கியில் மேலே நிற்கும் காற்றின் ஈரம் இரவில் தண்ணீராகி அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். பெற்றரிகளைக் கழற்றி வீட்டில் வைத்து மாதம் ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள்; 12 வோல்ட் பெற்றரி 12.4 க்குக் கீழே இறங்கி நின்றால் அதன் ஆயுள் தேய்கிறது. காற்றுத் தாங்கிகளின் தண்ணீரை வடித்துவிட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நிறுத்தப் பிறேக்கைத் தளர்த்தி விடுங்கள்; மூன்று மாதம் இறுகி நின்ற பிறேக் பட்டை, சில்லோடு சுழலும் பறையோடு (டிரம்) ஒட்டிக்கொள்ளும். சுருள்வில்லால் பிடிக்கும் பிறேக் உள்ள வண்டியில் காற்று இறங்கியதும் பிறேக் தானே பிடிக்கும் என்பதால், அதை மெக்கானிக்கைக் கொண்டு திருகித்தான் தளர்த்த வேண்டும்.

டயர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 120 நாள் ஓடும் வண்டியின் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பூ, அதாவது வீதியைத் தொடும் வரிகள், நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. நிறுத்தியிருக்கும் காலத்தில் அச்சுகளை மரக்கட்டையில் ஏற்றி, டயர்களைச் சாக்கால் மூடி வெயிலிலிருந்து காப்பாற்றுங்கள்.

கடைசியாக, நல்ல எண்ணத்தோடு பலர் செய்யும் ஒரு கேடு: வாரம் ஒரு முறை எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் உறும விட்டு நிறுத்துவது. எஞ்சின் முழுச் சூட்டை எட்டாமல் நிற்பதால் உள்ளே ஈரம்தான் சேரும். பெற்றரியை மாட்டி, பிறேக்கைச் சரிசெய்து, இருபது கிலோமீற்றர் ஓட்டிவிட்டு வாருங்கள். முடியாவிட்டால் தொடாமல் விடுங்கள்.

ஒரு சாரதி, மூதூர்: நான் மூன்று பருவமாக ஒருவரிடம் சுற்றுலா பஸ் ஓட்டுகிறேன். பருவ வேலைக்குச் சேமலாப நிதி கிடையாது என்கிறார். உண்மையா?

உண்மையன்று. தற்காலிக வேலை, நாட்கூலி, பருவ வேலை என்று பெயர் எதுவாயினும், வேலை செய்த மாதங்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளி தன் கையிலிருந்து 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதமும் செலுத்த வேண்டும். சம்பளம் பெற்ற ஏதேனும் எழுத்து ஆதாரத்தோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை: தாழ்ந்த வயர் எந்தக் கம்பத்தருகே என்று மனப்பாடமாய்த் தெரிந்த சாரதி, மாரியில் வேறு வேலைக்குப் போய்ச் சித்திரையில் திரும்பாவிட்டால் நட்டம் உங்களுக்கு. மாரி மாதங்களில் அவரைக் கொட்டில் வேலைக்கு அரைச் சம்பளத்திலாவது வைத்திருங்கள்.

பெயர் குறிப்பிடாதவர், அலஸ்தோட்டம்: நண்பகலில் ஏன் ஓடுவதில்லை? அப்போதும் பயணிகள் இருக்கிறார்களே?

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் பதினொரு மணிக்கு மேல்தட்டின் இரும்புக் கைப்பிடியை ஒரு நிமிடம் பிடித்திருந்து பாருங்கள், பதில் கிடைக்கும். நாங்கள் காலை ஆறரைக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குள் திரும்புவோம். மாலையில் நான்கு மணிக்கு.

த. செ., உப்புவெளி: இங்கே மாரி என்றால், தென்கரையில் உள்ள காலியிலும் மிரிஸ்ஸவிலும் அப்போதுதான் பருவம். வண்டிகளை நவம்பரில் அங்கே கொண்டுபோய் ஏப்ரலில் திரும்பினால் ஆண்டு முழுவதும் உழைக்கலாமே?

தாளில் இதைவிட அழகான திட்டமில்லை. இரு கரைக்கும் இரு பருவம் என்பது இந்தத் தீவுக்குக் கிடைத்த கொடை. ஆனால் 350 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியெங்கும் மூங்கில் கட்டிய லொறி முன்னே போக வேண்டும். கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை தரும் அனுமதி அங்கே செல்லாது. அந்த மாகாணத்தில் புதிதாகப் பெற வேண்டும். சாரதிக்கும் உதவியாளருக்கும் தங்குமிடம் தேட வேண்டும். இவற்றையெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஒன்றுண்டு: இரு கரையிலும் உப்பில் நிற்கும் வண்டியைக் கழற்றிப் பார்த்து, வெடிப்பை ஒட்டி, வர்ணம் பூச ஆண்டில் ஒரு மாதமும் மிஞ்சாது. முதல் இரண்டு ஆண்டுகள் இதை எண்ணாதீர்கள். பிறகு போவதானாலும் ஒரு வண்டியை மட்டும் அனுப்பி, மற்ற இரண்டையும் கொட்டிலில் விடுங்கள். மழை குறையும் மாசி, பங்குனியில் திருமண ஊர்வலம், பாடசாலைச் சுற்றுலா என்று வார இறுதி வாடகை உள்ளூரிலேயே கிடைக்கிறது.

மீண்டும் ந. இ., நிலாவெளி: வண்டியை எப்போது வெளியே எடுக்க வேண்டும்? புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்னர் போதுமா?

போதாது. பங்குனி பிறந்ததும் எடுங்கள். பிறேக், டயர், விளக்கு எல்லாவற்றையும் மெக்கானிக் பார்க்கட்டும். வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் நீங்கள் பாருங்கள். இவை முடிந்தபின், ஆளில்லாத வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, மேல்தட்டில் இருபது வாளி தண்ணீரை ஊற்றுங்கள். ஒருவர் மேலே நிற்கட்டும், ஒருவர் கீழ்த்தட்டில் ரோச் லைற்றோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்குள் தளம் வடிந்து, கீழே ஒரு சொட்டும் விழாவிட்டால் சீட்டுப் புத்தகம் அச்சிடக் கொடுக்கலாம்.